பழுதுக்கு ஒரு வடிவம் உண்டு

ஒரே மடிக்கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் நிறுவி மாறி மாறிப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டிருப்பார்கள். லினக்ஸில் வேலையை முடித்துவிட்டு விண்டோஸுக்குள் போனால் கடிகாரம் பின்தங்கி நிற்கும். அங்கே நேரத்தைத் திருத்திவிட்டு மறுபடி லினக்ஸுக்கு வந்தால் இங்கே முன்னே ஓடியிருக்கும். எவ்வளவு என்று பார்த்தால் ஐந்தரை மணி நேரம். மதுரையிலும் ஐந்தரைதான், யாழ்ப்பாணத்திலும் ஐந்தரைதான். சிங்கப்பூரில் இருப்பவருக்கு எட்டு மணி நேரம் பிசகும்.

அந்த எண்ணிலேயே விடை இருக்கிறது. கணினியின் மதர்போர்டில் ஒரு சிறு கடிகாரச் சில்லு உண்டு. 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி காலத்திலிருந்தே கூட வருவது அது. அதற்குள் நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம். ஒன்றை எடுத்துப் பதினைந்து முறை இரட்டித்தால் இந்த எண் வரும். ஆகவே அந்த அதிர்வைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடுகிறது. கணினி அணைந்திருக்கும்போதும் ஒரு பொத்தான் பேட்டரியின் துணையில் இது ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தச் சில்லுக்கு மணி தெரியும், ஊர் தெரியாது. தான் காட்டுவது எந்த ஊர் மணி என்று குறித்து வைக்க அதில் இடமில்லை. டாஸ் காலத்துப் பழக்கப்படி விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸ் உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. இரண்டும் தத்தம் கணக்கில் சரி. இந்திய நேரம் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால் பிசகும் அதே ஐந்தரை ஆகிறது.

தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும், சென்னை சீ-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஆகவே இது நம் ஊரில் அபூர்வமான பிரச்சினை அல்ல. சரிசெய்ய இரண்டு வழி: லினக்ஸை உள்ளூர் நேரத்துக்குப் பழக்கலாம், விண்டோஸைப் பொது நேரத்துக்குப் பழக்கலாம். இரண்டாவதுதான் மேல் என்பது என் கருத்து. முதல் வழியைத் தேர்ந்தால், இந்த முறையை முழுமையாக ஆதரிக்க இயலாது என்று லினக்ஸின் நேரக் கட்டளையே எச்சரிக்கிறது.

கடிகாரம் வேறு விதமாகவும் கெடும். சில நிமிடம் மட்டும் தள்ளிப்போயிருந்தால் இணையத்தின் நேரச் சேவையோடு தொடர்பு அறுந்திருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறை அணைத்து எழுப்பும்போதும் தேதி பல மாதமோ வருடமோ பின்னால் போனால் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. அப்போது பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்க மறுக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் எதிர்காலத்தில் வழங்கப்பட்டவையாக அதற்குத் தெரியும். இங்கே லினக்ஸ் செய்யும் ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். சிஸ்டம்டி என்ற நிரல்தான் பெரும்பாலான லினக்ஸ்களில் முதலில் எழுந்து மற்றவற்றை எழுப்புகிறது. தான் உருவாக்கப்பட்ட நாளுக்கு முந்தைய தேதியைக் கடிகாரம் காட்டினால் அது நம்புவதில்லை. நான் பிறப்பதற்கு முந்தைய நாளில் நான் ஓடிக்கொண்டிருக்க முடியாது என்பது அதன் தர்க்கம். கடிகாரத்தை அந்த நாள்வரை முன்னே தள்ளிவிட்டுத்தான் மேலே போகும்.

நிமிடக் கணக்கு, ஐந்தரை மணி, வருடக் கணக்கு என்று மூன்று பிசகு. மூன்று வெவ்வேறு இடங்களில் காரணம். பார்த்த மாத்திரத்தில் வடிவத்தை வைத்தே இடத்தைச் சொல்லிவிடலாம். லினக்ஸ் டெஸ்க்டாப்பைப் பழக்கி வீட்டு உபயோகத்துக்குக் கொண்டுவருவதில் நான் கண்ட பெரிய வியப்பு இதுதான். ஏறக்குறைய எல்லாப் பழுதுக்கும் இப்படி ஒரு வடிவம் இருக்கிறது. எந்த அடுக்கில் கோளாறு என்று அந்த வடிவமே காட்டிக்கொடுக்கிறது.

இதைத் தெரிந்துகொள்வதற்கு இப்போது ஒரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி போன்றவை இல்லாத, ஆனால் இன்னும் நன்றாக ஓடக்கூடிய எத்தனையோ கணினிகள் வீடுகளில் இருக்கின்றன. அவற்றைக் குப்பைக்கு அனுப்பாமல் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமே என்று நினைக்கிறவர்கள் பலர். முதல் வாரத்தில் ஏதோ ஒன்று ஓடாது. அந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள்.

லினக்ஸ் டெஸ்க்டாப் என்று நாம் சொல்வது ஒரே நிறுவனம் ஒரே இடத்தில் கட்டியதல்ல. அடியில் இருக்கும் கர்னலை 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது தொடங்கினார். சுமார் பத்தாயிரம் வரிகளில் பிறந்தது, இன்று மூன்று கோடி வரிகளைத் தாண்டி நிற்கிறது. திரையில் சாளரங்களை வரைவதற்கான எக்ஸ் அமைப்பு அதைவிட மூத்தது. 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் உருவானது. அதன் இடத்தை இப்போது பிடித்துவரும் வேலண்ட் 2008இல் தொடங்கியது. மேலே நாம் பார்க்கும் முகம் கேடிஈயாக இருந்தால் 1996இல் ஜெர்மனியிலும், நோமாக இருந்தால் 1997இல் மெக்சிகோவிலும் முளைத்தது. இவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. ஆகவே ஒரு அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் எழுதப்பட்ட ஒப்பந்தம் ஒன்று இருந்தே தீர வேண்டும்: இதை நீ கொடு, அதை நான் தருகிறேன். எல்லாம் ஒரே குவியலாக இருந்தால் பழுது எங்கே என்று தேட முடியாது. இங்கே அடுக்குகளுக்கு நடுவே கோடு இருக்கிறது. கோட்டில் நின்று இந்தப் பக்கம் சரியா, அந்தப் பக்கம் சரியா என்று கேட்கலாம்.

தமிழில் தட்டச்சு செய்யும்போது இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 'கொ' என்ற ஒரே எழுத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்99 விசைப்பலகையில் ககரம் ஆங்கில எச் விசையிலும், ஒகரம் சி விசையிலும் இருக்கின்றன. எச் விசையை அழுத்தியதும் கர்னல் மேலே அனுப்புவது 35 என்ற எண்ணை. சி விசைக்கு 46. தமிழா ஆங்கிலமா என்பது கர்னலுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அந்த எண்ணுக்குப் பொருள் கொடுப்பது அடுத்த அடுக்கு. ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்ற எளிய அட்டவணை தமிழ்99க்குப் போதாது. ஒகர விசை சொல்லின் முதலில் வந்தால் 'ஒ' என்ற உயிராக நிற்க வேண்டும். மெய்க்குப் பின்னால் வந்தால் கொம்பும் காலுமாக மாற வேண்டும். ககரத்தை இரண்டு முறை அடித்தால் முதல் ககரத்துக்குத் தானாகவே புள்ளி விழ வேண்டும். அதாவது இந்த அடுக்குக்கு நினைவு வேண்டும். முந்தைய எழுத்து என்ன என்று திரும்பிப் பார்க்கத் தெரிய வேண்டும். ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் போன்ற உள்ளீட்டு நிரல்கள் இந்த வேலையைச் செய்கின்றன.

அங்கிருந்து இரண்டு யூனிகோடு எண்கள் வெளியே வருகின்றன. க என்பது 2965. ஒகரக் குறி 3018. தமிழுக்கென்று யூனிகோடு ஒதுக்கிய 128 இடங்கள் 2944இல் தொடங்கி 3071இல் முடிகின்றன. இவை இரண்டும் அதற்குள் இருப்பவை. கோப்பில் சேமிக்கும்போது ஒவ்வொன்றும் மூன்று பைட்டாகி, 'கொ' ஆறு பைட்டுகளாக வட்டில் உட்காருகிறது.

இனி திரையில் காட்ட வேண்டும். ஃபான்ட்கான்ஃபிக் என்ற நிரல் கணினியில் இருக்கும் எழுத்துருக்களைப் புரட்டி, தமிழ் தெரிந்த எழுத்துரு எது என்று பார்க்கிறது. எழுத்துருவின் பெயரை வைத்து அது முடிவு செய்வதில்லை. தமிழுக்கு எந்தெந்த எழுத்துகள் அவசியம் என்று ஒரு பட்டியலைக் கையில் வைத்திருக்கிறது. அவை எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்கிறது. அடுத்து வருவது ஹார்ஃப்பஸ். இந்தப் பயணத்திலேயே அழகான வேலை இதனுடையது. 3018ஐ அது இரண்டாகப் பிளக்கிறது: ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006. கொம்பை எடுத்து ககரத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறது, காலைப் பின்னால் விடுகிறது. நாம் உச்சரிக்கும் வரிசையில் கோப்பில் கிடந்த எழுத்து, நாம் எழுதும் வரிசைக்கு மாறுவது இந்த இடத்தில்தான். கு, மு, து, ரு என்று மெய்க்கு ஏற்ப வெவ்வேறு வடிவம் எடுக்கும் உகரத்துக்கு எழுத்துருவுக்குள்ளேயே ஒரு மாற்று அட்டவணை இருக்கிறது. அதைப் படித்துப் பொருத்தமான உருவை எடுத்து வைப்பதும் ஹார்ஃப்பஸ்தான். பிறகு ஃப்ரீடைப் அந்த வளைவுகளைப் புள்ளிகளாக நிரப்புகிறது. கடைசியில் சாளரங்களை ஒன்றுசேர்க்கும் நிரல், சாதாரணத் திரையில் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் படத்தில் அதைப் பதிக்கிறது.

இவ்வளவு பேர் கை மாறி வருவதால், இடையில் எவர் தவறினாலும் திரையில் தெரியும் கோலம் வேறு வேறாக இருக்கிறது. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை. எழுத்துக்கு எதுவும் ஆகவில்லை. நோட்டோ, லோஹித் போன்ற ஒரு தமிழ் எழுத்துருவை நிறுவினால் அதே கோப்பு வாசிக்கக் கிடைக்கும். ஒரு கொம்பு புள்ளிகளாலான வட்டத்தோடு தனியே நின்றால், மெய் இல்லாமல் உயிர்க்குறி மட்டும் தட்டச்சாகியிருக்கிறது. கையால் எழுதும் பழக்கத்தில் கொம்பை முதலில் அடித்தவர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள். ஏறி உட்கார மெய் இல்லாத குறிக்கு ஹார்ஃப்பஸ் கொடுக்கும் தற்காலிக இருக்கை அந்த வட்டம். கொம்பு ககரத்துக்குப் பின்னால் விழுந்தால் அந்த நிரல் ஹார்ஃப்பஸ் போன்ற ஒன்றைப் பயன்படுத்தவே இல்லை. டெர்மினல்கள் சிலவற்றில் தமிழ் சிதைவதற்குக் காரணம் வேறு: திரையை ஒரே அகலமுள்ள அறைகளாகப் பிரித்து அறைக்கு ஒரு எழுத்து என்று கணக்குப் போடும் பழைய மரபு அவற்றினுடையது. அதில் கொம்பும் காலும் அடங்குவதில்லை.

இன்னும் மூன்று கோலங்கள் உண்டு. பழைய ஆவணங்களோடு போராடுகிறவர்கள் இவற்றைப் பிரித்தறிந்தே ஆக வேண்டும். மேலே சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், பிறகு வேறு ஏதோ ஒரு குறி என்று மூன்று மூன்றாக வரிசை வந்தால் அது தமிழ்தான். மூன்று பைட்டுகளை ஒரே எழுத்தாகப் படிக்காமல், பைட்டுக்கு ஒரு ஐரோப்பிய எழுத்தாக யாரோ படித்துவிட்டார்கள். குறியாக்கத்தை மாற்றித் திறந்தால் மீண்டுவிடும். ஆங்கில எழுத்துகளே பொருளற்ற சொற்களாகக் கொட்டிக் கிடந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணம் அது. அந்தக் கோப்புகளில் தமிழ் என்பதே கிடையாது, ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உரு போர்த்தியிருந்தார்கள். இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் எத்தனையோ சங்க மலர்கள், நினைவு மலர்கள் இப்படித்தான் கணினிகளில் உறங்குகின்றன. மாற்றி நிரல்களால் அவற்றை யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். கேள்விக்குறிகள் மட்டுமே வரிசையாக நின்றால் அது இழப்பு. வழியில் ஏதோ ஒரு நிரல் தமிழுக்கு இடமில்லாத குறியாக்கத்துக்கு மாற்றியிருக்கிறது. தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை எழுதிச் சேமித்துவிட்டது. மூலப் பிரதியைத் தேடுவது தவிர வழியில்லை. கேள்விக்குறியைப் பார்த்ததும் எழுத்துரு நிறுவக் கிளம்புகிறவர்கள் எத்தனை மணி நேரத்தை வீணடிக்கிறார்கள்!

எழுத்திலிருந்து வன்பொருளுக்கு வந்தால் இன்னொரு வியப்பு. லினக்ஸில் 'ப்ராக்', 'சிஸ்' என்று இரண்டு கோப்புறைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஆயிரக்கணக்கான கோப்புகள். வட்டில் அவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. 'ப்ராக்'கில் உள்ள கோப்புகளின் அளவைக் கேட்டால் பெரும்பாலானவை பூஜ்யம் என்றே சொல்லும். திறந்தால் பக்கம் பக்கமாக வரும். திறக்கும் அந்தக் கணத்தில் கர்னல் தன் நிலையைச் சொல்லி எழுதிக் கொடுக்கிறது. 'சிஸ்' கோப்புறைக்குள் வெப்பநிலை என்ற கோப்பைத் திறந்தால் 47000 என்று ஒரு எண் கிடைக்கலாம். அது 47 டிகிரி, ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரியாக எண்ணிச் சொல்லப்படுவது. திரை வெளிச்சத்துக்கு ஒரு கோப்பு. அதில் சிறிய எண்ணை எழுதினால் திரை மங்கும், பெரிய எண்ணை எழுதினால் ஒளிரும். எழுதுவது கோப்பில், மாறுவது கண்ணெதிரே உள்ள விளக்கு.

மடிக்கணினி பேட்டரியின் வயதையும் இங்கே படிக்கலாம். தொழிற்சாலையில் வடிவமைத்தபோது எவ்வளவு கொள்ளளவு என்பது ஒரு கோப்பு, இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு கொள்ளும் என்பது இன்னொன்று. முதலாவது 40 லட்சம் மைக்ரோ ஆம்பியர் மணி, இரண்டாவது 26 லட்சம் என்று வைத்துக்கொண்டால், பேட்டரியில் 65 சதவீதம்தான் மிச்சம். லினக்ஸ் போட்டதிலிருந்து சார்ஜ் நிற்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் முன் இந்த இரண்டு எண்களைப் பார்த்துவிடுவது நியாயம். சில மடிக்கணினிகளில் மூன்றாவதாக ஒரு கோப்பும் இருக்கும். அதில் 80 என்று எழுதிவிட்டால் 80 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். எப்போதும் மின்னிணைப்பிலேயே கிடக்கும் கணினிக்கு, லித்தியம் பேட்டரியின் ஆயுளை நீட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. அதேபோல, பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு கணினி தவழ ஆரம்பித்தால் வெப்பநிலையையும் புராசசரின் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். வெப்பம் ஏற ஏற வேகம் இறங்கினால், வெந்துவிடாமல் இருக்கப் புராசசர் தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது. மருந்து மென்பொருளில் இல்லை. விசிறியில் அடைத்த தூசியைத் தட்ட வேண்டும்.

ரேம் பற்றி ஒரு பொதுவான பயத்தைப் போக்கிவிடலாம். எதுவும் திறக்காமலே ரேம் முக்கால்வாசி நிரம்பியிருக்கிறதே என்று புதியவர்கள் பதறுவார்கள். சும்மா கிடக்கும் ரேமில் லினக்ஸ் அண்மையில் படித்த கோப்புகளை வைத்துக்கொள்கிறது. கேட்டால் அந்தக் கணமே விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டிய எண் காலி ரேம் அல்ல, கிடைக்கக்கூடிய ரேம். அந்த எண்ணைக் கர்னலே கணித்துச் சொல்லும் வசதி 2014இல் 3.14 பதிப்பில் வந்தது. பழைய கணினிகளைக் காப்பாற்றும் இசட்ரேமும் அதே பதிப்பில்தான் கர்னலுக்குள் முழு உறுப்பாகச் சேர்ந்தது. ரேம் போதாமல் போனால் உபரியை ஹார்ட் டிஸ்குக்கு அனுப்புவது பழைய முறை. டிஸ்கின் முள் ஓரிடம் போய்ச் சேரச் சுமார் பத்து மில்லிநொடி ஆகும். ரேமுக்கு ஒரு மில்லிநொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். கணினி உறைந்து நிற்பது அந்த இடைவெளியில்தான். இசட்ரேம் உபரியை வெளியே அனுப்பாது. அலமாரியில் துணியை மடித்து அடுக்குவதுபோல ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். இங்கே ஒரு எச்சரிக்கை. உபரியை எவ்வளவு ஆர்வமாக வெளியேற்றலாம் என்பதற்கு ஸ்வாப்பினஸ் என்ற எண் உண்டு; வழக்கமாக 60. அதைப் பத்தாகக் குறையுங்கள் என்ற அறிவுரை எங்கும் கிடைக்கிறது. ஹார்ட் டிஸ்க் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. இசட்ரேம் உள்ள கணினியில் அதை நூறுக்கும் மேலே உயர்த்துவதுதான் பொருத்தம்.

அறிவுரைக்கும் தேதி பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஒரு உதாரணம்தான். ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் பல்ஸ்ஆடியோ என்ற நிரல் ஒலியைப் பங்கிட்டுக் கொடுத்தது. 2021இல் ஃபெடோரா என்ற லினக்ஸின் 34ஆம் பதிப்பு அதை எடுத்துவிட்டுப் பைப்வயர் என்ற நிரலை வைத்தது. மற்ற லினக்ஸ்களும் ஒவ்வொன்றாக மாறின. பைப்வயர் பழைய நிரலின் மொழியிலேயே பேசியதால் பாட்டுக் கேட்டவர்கள் மாற்றத்தை உணரவே இல்லை. ஆள் குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரக் கல்லை உருவி வேறு கல் வைத்தது போன்ற அந்தச் சாதனைக்குரிய பாராட்டு பைப்வயரை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். ஆனால் 2015இல் எழுதிய ஒலித் தீர்வு ஒன்றை இன்று அப்படியே ஒட்டினால், இல்லாத நிரலின் அமைப்பைத் திருத்திக்கொண்டிருப்போம். நிர்வாகி உரிமையோடு ஓடும் சூடோ போட்ட கட்டளையை, எந்த அடுக்கைத் தொடுகிறது என்று புரியாமல் ஒட்டக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன்.

வைஃபை வராத கதையும் அடுக்குகளால் விளங்கும். வைஃபை அட்டைக்குள் ஒரு குட்டிக் கணினியே இருக்கிறது. அதற்கான நிரல் பல அட்டைகளில் நிலையாகப் பதிந்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் கர்னல் அதை வட்டிலிருந்து எடுத்து ஊட்ட வேண்டும். அதுதான் ஃபர்ம்வேர். அந்தக் கோப்பு இல்லையென்றால் அட்டை உயிரோடு இருந்தும் ஊமையாகக் கிடக்கும். மூல நிரல் திறந்திராத ஃபர்ம்வேரைக் கொள்கைக்காக ஒதுக்கி வைத்திருந்த டெபியன் என்ற லினக்ஸ், 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அதை நிறுவல் வட்டிலேயே சேர்த்துக்கொண்டது. கொள்கையில் ஒரு படி இறங்கியது போலத் தோன்றினாலும், வைஃபை இல்லாமல் வைஃபைக்கான கோப்பைத் தரவிறக்க முடியாமல் திண்டாடியவர்களுக்கு அது பெரிய உதவி.

இதெல்லாம் எப்படித் தெரியும்? கணினி எழுதி வைத்திருக்கிறது. எழும் கணத்திலிருந்து கர்னல் சொல்லும் ஒவ்வொரு வரியும் நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை நேரம் குறிக்கப்பட்டுப் பதிவாகிறது. ஃபர்ம்வேர் கோப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை, பெயர் இது என்று அந்தக் கோப்பின் பெயரோடு அங்கே ஒரு வரி இருக்கும். ஜர்னல் என்ற பதிவேட்டில் இந்த முறைக்கு முந்தைய முறை எழுந்தபோது நடந்ததை மட்டும் கேட்கலாம், பிழைகளை மட்டும் கேட்கலாம், பத்து மணிக்கும் பத்தேகாலுக்கும் இடையில் நடந்ததை மட்டும் கேட்கலாம். நேற்றிரவு உறைந்துபோன கணினி, உறைவதற்கு முன் கடைசியாக என்ன சொன்னது என்று இன்று காலை படிக்க முடிகிறது.

உறைந்த கணத்திலேயும் ஒரு வழி இருக்கிறது. சுட்டி நகராது, எதற்கும் பதில் இல்லை. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதற்கு முன், ஆல்ட் விசையையும் பிரிண்ட் ஸ்க்ரீன் விசையையும் பிடித்துக்கொண்டு ஆர், ஈ, ஐ, எஸ், யூ, பி என்று நிதானமாக ஒவ்வொன்றாக அழுத்தலாம். இது டெஸ்க்டாப்பைத் தாண்டி நேரே கர்னலோடு பேசுவது. விசைப்பலகையை மீட்டுக்கொள், நிரல்களை முடியச் சொல், முடியாதவற்றை நிறுத்து, எழுதாமல் நிற்பதை வட்டில் எழுது, வட்டை வாசிக்க மட்டும் என்று பூட்டு, மறுபடி எழு என்பது அந்த வரிசையின் பொருள். பல லினக்ஸ்களில் பாதுகாப்புக்காக இதில் சில விசைகளை முடக்கி வைத்திருப்பார்கள். நல்ல நாளிலேயே ஒருமுறை பார்த்துத் திறந்து வைப்பது நல்லது.

பதிவேடும் வாய் திறக்காத பழுதுகள் உண்டு. அங்கே பாதி பாதியாக வெட்டும் முறைதான் கைகொடுக்கும். புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். பழுது மறைந்துவிட்டால் காரணம் உங்கள் முகப்புக் கோப்புறையில் மறைந்திருக்கும் ஏதோ ஒரு அமைப்புக் கோப்பு. முழு இயங்குதளமும் நிரபராதி. மறையவில்லையா? யூஎஸ்பி குச்சியில் லினக்ஸை ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டுங்கள். அங்கேயும் அதே பழுது என்றால் வன்பொருளையோ அதன் டிரைவரையோ சந்தேகிக்கலாம். நேற்றுவரை ஓடியது அப்டேட்டுக்குப் பிறகு ஓடவில்லை என்றால், பழைய கர்னல் பெரும்பாலும் இன்னும் வட்டில் இருக்கும். தொடக்கப் பட்டியலில் அதைத் தேர்ந்து எழுப்பினால் பழி கர்னல் மீதா இல்லையா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்ற ஒழுக்கம் மட்டும் வேண்டும். மூன்றை மாற்றிச் சரியானால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த முறை அதே பழுது வரும்போது நாம் தொடங்கிய இடத்திலேயே நிற்போம்.

இப்படிக் கேட்டுக் கேட்டு உள்ளே போகும் உரிமையே கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பிறப்போடு சேர்ந்தது. எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை பார்த்தபோது, அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்கெல்லாம் செய்தி போகும்படி அதன் நிரலை மாற்றி வைத்திருந்தார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் கொடுத்த புதிய அச்சுப்பொறி வந்தது. அதிலும் தாள் சிக்கியது. அதன் மூல நிரல் கிடைக்கவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவர், கொடுப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்துவிட்டேன் என்றார். கட்டற்ற இயங்குதளம் ஒன்றைக் கட்டும் க்னூ திட்டத்தை 1983இல் ஸ்டால்மன் அறிவித்ததற்குப் பின்னால் அந்தச் சிக்கிய தாளும் இருக்கிறது.

அந்த உரிமையை இன்று யார் வேண்டுமானாலும் கர்னல்வரை எடுத்துச் செல்லலாம். ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய கர்னல் வருகிறது. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள். அதில் ஒன்று உங்கள் மடிக்கணினியின் ஒலிபெருக்கியை ஊமையாக்கிவிட்டது என்று வையுங்கள். எந்த ஒன்று? டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதத் தொடங்கிய கிட் நிரலில் பைசெக்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. நல்ல பதிப்பு இது, கெட்ட பதிப்பு இது என்று சொன்னால் நடுவில் உள்ள நிலையை எடுத்துக் கொடுக்கும். அதிலிருந்து கர்னலைக் கட்டி, கணினியை எழுப்பி, ஒலி வருகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். பத்தாயிரம் ஐயாயிரமாகும், இரண்டாயிரத்து ஐந்நூறாகும். அதிகம் போனால் பதினான்காவது சோதனையில் ஒரே ஒரு மாற்றம் கையில் நிற்கும். யார் செய்தது, எந்த நாளில், எந்த வரிகளில் என்ற விவரத்தோடு. ஒரு நாள் முழுக்கப் போகலாம், ஆனால் சி மொழியில் ஒரு வரிகூட எழுதத் தெரிய வேண்டியதில்லை. கர்னலை மேம்படுத்தியதால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றுபோகக் கூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் பிடிவாதக்காரர். ஆகவே இப்படி விரல் வைத்துக் காட்டிய புகாரைப் பராமரிப்பாளர்கள் தட்டிக்கழிப்பது கடினம். திருத்தம் எழுதிச் சேர்க்கப்படும்போது அதன் அடியில், எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில், புகார் செய்தவர் இன்னார், சோதித்தவர் இன்னார் என்று தனித்தனி வரிகள் எழுதுவது அங்கே வழக்கம். கிட்டில் ஒரு திட்டத்தைப் பிரதி எடுத்தால் வழக்கமாக வரலாறு முழுதும் சேர்ந்தே வரும் என்பதால், ஒலி வராத மடிக்கணினியோடு ஒரு நாள் உட்கார்ந்திருந்தவரின் பெயரும் அந்தப் பிரதிகளில் போகிறது.